கிழக்குச் சுவரைப் பார்த்து

வாயை நல்லாத் திறங்க என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அம்சவேணிக்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொல்ல வேண்டி வந்ததில்லை. காலைப் பிரேயரில் தொடங்கினால் சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் முடிகிறவரை பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிச் சொல்லித் திறந்தே கிடக்கிற வாய் அது. ஆனால் பேசத் திறப்பது வேறு, காட்டத் திறப்பது வேறு என்று இந்த நாற்காலியில் மல்லாந்த பிறகுதான் தெரிகிறது. மோட்டார் முனகலோடு நாற்காலி பின்னால் சாய்ந்தது, கால் மேலே வந்தது, தலை கீழே போனது, கூரையில் யாரோ ஒட்டி வைத்திருந்த மீன் தொட்டிப் படம் நேர் எதிரே வந்து நின்றது. பல் காட்ட வந்தவள் மீனைப் பார்த்து என்ன செய்வாள் என்று நினைத்தாள். மீன்களும் வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தன, அவற்றுக்குக் கூச்சம் இருப்பதாகத் தெரியவில்லை. வந்தது என்னவோ ஒரு பல்லுக்காகத்தான். போன வாரம் ஸ்டாஃப் ரூமில் யாரோ நீட்டிய ஐஸ் மோரை ஒரு மடக்கு குடித்ததும் மேல் வரிசையில் சுரீர் என்று ஒரு கூச்சம் நெற்றிப்பொட்டு வரை ஏறியது. ஒரு பல் சொத்தையாக இருக்கும், அடைத்துவிடுவார்கள், அரை மணியில் வீட்டுக்குப் போய்விடலாம் என்ற கணக்கில்தான் உறையூரிலிருந்து தில்லைநகருக்கு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஸ்கூட்டரை ஓட்டி வந்தவர் அவள் கணவர் தட்சிணாமூர்த்தி. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனவர். இப்போது வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரின் நீளம் எத்தனை அடி என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருப்பார், வேறென்ன செய்யப் போகிறார்.

டாக்டர் ஹாஜிரா சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தவள் வலிக்கிற பல்லோடு நிற்கவில்லை, ஒவ்வொரு பல்லாகப் போனாள், முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், பார்த்துவிட்டு "ம்" என்றாள். வைத்தியர் வாயிலிருந்து வருகிற ம் இருக்கிறதே, அதைப்போல ஆளைக் கலக்குகிற எழுத்து தமிழில் வேறு கிடையாது. புளிப்பு நிறைய சாப்பிடுவீங்களா, எலுமிச்சை ஜூஸ், கலர் அது இது? இல்லை. அடிக்கடி வாந்தி வருமா? இல்லை. நெஞ்செரிச்சல் உண்டா? இல்லையே டாக்டர், கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு எனக்கு. அப்ப காலைல எந்திரிக்கும்போது வாய் புளிக்குமா? அம்சவேணி நாக்கை அண்ணத்தில் வைத்துப் பார்த்தாள். புளிக்கும். அது எல்லாருக்கும் புளிப்பதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். காலையில் வாய் புளிப்பது, கிளாஸில் பாதிப் பாடத்தில் தொண்டையைச் செருமிக்கொள்வது, எதுவோ மாட்டினாற்போல எச்சிலை விழுங்குவது, எல்லாவற்றையும் சாக்பீஸ் தூசிக் கணக்கில் எழுதிவிட்டிருந்தாள். "புளிக்கும்," என்றாள், ஏதோ மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி.

டாக்டர் பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் விட்டு, பக்கத்துத் திரையைத் திருப்பிக் காட்டினாள். மேல் முன்பற்களின் பின்பக்கம். ஐம்பத்தொரு வயதுக்கு அம்சவேணி தன் உடம்பில் பார்க்காத இடம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக, வழவழவென்று, குளித்துக் குளித்துத் தேய்ந்த சோப்பு மாதிரி இருந்தது. நுனியோரம் ஒளி ஊடுருவியது. கடைவாயில் எப்போதோ சின்ன வயதில் அடைத்த வெள்ளிப் பூச்சு தனியே மேடாக நின்றது. பூச்சுதான் வளர்ந்துவிட்டதா என்று கேட்கப் போனாள், அதற்குள் டாக்டர் சொன்னாள்: "அடைச்சது அப்படியேதான் இருக்கு மேடம். சுத்தி உள்ள பல்லுதான் தாழ்ந்துபோச்சு. ராத்திரி படுத்த பிறகு வயித்துலேருந்து அமிலம் மேல ஏறி வாய் வரைக்கும் வருது. நெஞ்சு எரியாமலே வரும் சிலருக்கு. தூக்கத்துல எச்சில் சுரக்காது, கழுவி விட ஆளில்ல, விடிய விடிய அங்கயே தங்கிடும். எனாமல் கரைஞ்சுக்கிட்டே வரும். கரைஞ்சது திரும்ப வளராது." அம்சவேணிக்கு பயம் வந்திருக்க வேண்டும், ஆனால் முதலில் வந்தது பயமில்லை. அட, என்றுதான் வந்தது. வயிற்று அமிலத்தின் பிஎச் ஒன்றிலிருந்து இரண்டு, அஞ்சரைக்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும், அவளே கரும்பலகையில் எழுதுகிற சங்கதி. உணவுக்குழாய் ஒரு முனை, பல் மறுமுனை, நடுவில் ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை, ராத்திரி பூரா ஒரு சோதனை நடந்திருக்கிறது, சோதனைக் குழாயே அவள்தான். யாரும் ரீடிங் எடுக்கவில்லை. "எழுந்ததும் என்ன செய்வீங்க?" என்றாள் டாக்டர். அதற்கு மட்டும் அம்சவேணி பெருமையாகப் பதில் சொன்னாள். புளிப்பு என்றால் அமிலம், அமிலத்துக்குக் காரம், ஒரு சிட்டிகை சமையல் சோடாவை பிரஷ்ஷில் போட்டு உடனே நன்றாக அழுத்தித் தேய்த்துவிடுவேன், வருஷக்கணக்காக அப்படித்தான், கெட்டி நார் பிரஷ்தான் வாங்குவேன். டாக்டர் கேமராவைக் கீழே வைத்துவிட்டாள். "சோடா தப்பில்ல மேடம். கரைச்சுக் கொப்பளிச்சிருந்தா நல்லதே. அமிலம் பட்டு எனாமல் இளகிக் கிடக்கிற நேரத்துல போயி தேய்ச்சீங்க பாருங்க, அதுதான் தப்பு. தண்ணியில கொப்பளிச்சிட்டு ஒரு மணி நேரமாவது விட்டுட்டுத் தேய்க்கணும்."

முட்டை. அம்சவேணிக்கு உடனே முட்டை ஞாபகம் வந்தது. பள்ளியில் ஒவ்வொரு வருஷமும் வினிகரில் ஒரு முட்டையை ஊறப்போட்டு மறுநாள் எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுப்பாள். இப்ப விரலால மெதுவாத் தேய்ச்சுப் பாருங்க, ஓடு தானா வழுக்கிக்கிட்டு வரும், ஊறாமத் தேய்ச்சா வராது, ஊறின பிறகு தேய்ச்சா வரும், ஏன், யாராவது சொல்லுங்க. இருபது வருஷத்துக்கு மேல் கேட்ட கேள்வி. கேட்டுவிட்டு மறுநாள் காலை வீட்டில் வாஷ்பேசின் முன்னால் நின்று ஊறின ஓட்டைக் கெட்டி நாரால் தேய்த்திருக்கிறாள். படிக்காதவள் வெறும் விரலால் தேய்த்துவிட்டுப் போயிருப்பாள், பல் தப்பியிருக்கும். வேதியியல் படித்த ஒருத்திதான் இவ்வளவு ஒழுங்காகத் தன் பல்லைக் கரைக்க முடியும். வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, டாக்டர் மறுபடி வாய்க்குள் கண்ணாடியை விட்டிருந்ததால் சிரிக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான் டாக்டர் அதைக் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். "இடது பக்கத்தைவிட வலது பக்கம் தேய்மானம் கூட இருக்கே. வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பீங்களா?"

இருக்கலாம் என்றாள் அம்சவேணி. இருக்கலாம் என்பது பொய்.

"இனிமே இடது பக்கமாப் படுங்க. வயிறு இருக்கிற அமைப்புக்கு இடது பக்கம் படுத்தா அமிலம் மேல ஏறுறது குறையும். மாத்திரைகூட அப்புறம்தான், முதல்ல இதைப் பண்ணுங்க. ரொம்ப முக்கியம். இல்லன்னா நான் என்ன பூசி விட்டாலும் அதுவும் போயிடும்." சொல்லிவிட்டு, அச்சு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், ஆறு மாசம் கழித்து இன்னும் தேய்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும் என்று ரப்பர் கிண்ணத்தில் ரோஸ் கலர் பொடியைத் தண்ணீர் விட்டு வேகவேகமாகக் குழைத்தாள். தோசைக்கல்லில் மாவு இழுக்கிற மாதிரி ஒரு தட்டில் நிரப்பி, மேல் வாயில் வைத்து அழுத்தினாள். மூக்கால மூச்சு விடுங்க மேடம், பேசக் கூடாது, அசையக் கூடாது, கெட்டியாகட்டும். குளிர்ந்த பசை அண்ணத்தில் ஏறி, தொண்டை வாசல் வரை போய் எட்டிப் பார்த்தது. இது கடல்பாசியிலிருந்து எடுப்பது என்று அம்சவேணிக்குத் தெரியும், கால்சியம் சேர்ந்ததும் இறுகும், ஆக ஒரு கால்சியம் போன இடத்தை இன்னொரு கால்சியம் அளவெடுக்கிறது, வேறு நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு பீரியட் ஓட்டியிருப்பாள். இன்றைக்கு ஓடவில்லை. இடது பக்கம் என்ற சொல்லில் போய்ச் சேலை முந்தானை ஆணியில் மாட்டின மாதிரி மனசு மாட்டிக்கொண்டுவிட்டது. இழுத்தால் கிழியும்.

கட்டில் தெற்கே தலைவைத்துப் போட்டிருக்கிறது. கிழக்கே சுவர். சுவரை ஒட்டி அவள், மேற்கு ஓரம் அவர், ஏனென்றால் விடியலில் கார்ப்பரேஷன் தண்ணீர் வரும்போது எழுந்து மோட்டார் போடுகிறவர் அவர்தான். மல்லாந்து படுத்தால் அவளுடைய வலது கை சுவரைத் தொடும். வலது பக்கம் திரும்பினால் சுவர். இடது பக்கம் திரும்பினால் அவர் முகம். டாக்டருக்கு இது வயிறு சம்பந்தப்பட்ட விஷயம், பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும். இடது பக்கம் படுங்க என்று மாத்திரை மாதிரிச் சொல்லிவிட்டாள். அம்சவேணி அவருக்கு முதுகு காட்டிப் படுக்கத் தொடங்கிப் பல வருஷமாகிறது. பகலில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சாப்பாடு போடுகிறாள், மகளுக்கு பெங்களூருக்குப் போன் போட்டு இரண்டு பேருமாகப் பேசுகிறார்கள், கல்யாணம் கார்த்திக்குச் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருகிறார்கள். விளக்கை அணைத்ததும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள், அவ்வளவுதான். மகள் அறை காலியாகத்தான் கிடக்கிறது, அங்கே போய்ப் படுத்தால் அது சண்டை. சுவரைப் பார்த்துப் படுப்பது சண்டை இல்லை. யாரும் ஒன்றும் கேட்க முடியாது, தூங்குகிறவளிடம் போய் என்ன கேட்பது. கிழக்குச் சுவரில் டிஸ்டம்பர் எங்கே பொரிந்திருக்கிறது, எங்கே கரண்டுக்காரன் குழாய் பதித்துப் பூசின தடம் ஓடுகிறது எல்லாம் அவளுக்கு அத்துபடி. அவர் முகத்தில் எங்கே என்ன மாறியிருக்கிறது என்று கேட்டால் சொல்ல வராது.

மணிவண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். கணவருடைய தம்பி, தஞ்சாவூரில் மாடி வீடு கட்டினான். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது ஓரகத்தி கேட்டாள், என்னக்கா, ஏதோ ஆராய்ச்சி பண்ணப் போறீங்களாமே. பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக இடம் கிடைத்திருந்த சமயம் அது. செம்பட்டுப் பக்கத்துத் தோல் ஆலைகளின் கழிவுநீரை எடுத்து அதில் என்னென்ன கலந்திருக்கிறது, எதைப் போட்டால் எது வெளியே வரும் என்று பார்க்கிற வேலை. கைடு ஒத்துக்கொண்டாகிவிட்டது. அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் எதிர் வரிசையிலிருந்து அவர் சொன்னார், "ஆராய்ச்சியா? வீட்டு ரசத்துக்கே இன்னும் பார்முலா கண்டுபிடிக்கல." பந்தியே சிரித்தது. பரிமாறுகிறவன் சிரித்தான், அவளுடைய அப்பா சிரித்தார், ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்சவேணியும் சிரித்தாள். அவர் சொன்னதுகூடப் போகட்டும், தான் சிரித்ததுதான் இன்றுவரை அறுக்கிறது. அன்றிரவு வீடு திரும்பிப் படுத்தபோது சுவர்ப் பக்கம் திரும்பினாள். ஒரு நாள் கோபம் என்றுதான் திரும்பினாள். என்ன வேணி, ஏன் ஒரு மாதிரி இருக்கே என்று கேட்டிருந்தால் அன்றைக்கே பிடிபிடியென்று பிடித்து, அழுது, முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. மறுநாளும் திரும்பினாள். ஆராய்ச்சிக்கும் போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை, அதனால் யாரையும் குற்றம் சொல்லவும் முடியவில்லை. பிறகு கோபம் எந்த ராத்திரியில் தீர்ந்தது, வெறும் பழக்கம் எந்த ராத்திரியில் தொடங்கியது என்று அவளால் சொல்ல முடியாது. சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் எந்தச் சொட்டில் நிறம் மாறுகிறது என்று பார்க்கத்தான் நிறங்காட்டியை ஊற்றுவது. இங்கே ஊற்ற ஒன்றுமில்லை. ச்சீ, என்ன உதாரணம் இது, பல் வேறு புருஷன் வேறு, கையில் கிடைத்ததையெல்லாம் ஒப்பிடுகிற வாத்தியார்ப் புத்தி.

எச்சில் ஊறி உதட்டோரம் வழிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் அசையாதீங்க என்கிறாள். சரி, வழி என்ன என்று பார்ப்போம். கட்டிலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால்? கால் இருந்த பக்கம் தலை வரும், சுவர் இடது கைக்கு வந்துவிடும், இடது பக்கம் படுத்துச் சுவரையே பார்க்கலாம். ஆனால் தலை வடக்கே போய்விடும். வடக்கே தலைவைத்துப் படுக்க அவளுக்கு ஒன்றும் பயமில்லை, காந்தமாவது மண்ணாவது, ஆனால் உயிரோடிருக்கிற வீட்டில் யார் வடக்கே தலைவைத்துப் படுப்பார்கள். அவருக்கோ திசை என்றால் உயிர், சாப்பாட்டுத் தட்டையே கிழக்கு மேற்குப் பார்த்து வைக்கிறவர். கட்டிலை மேற்குச் சுவருக்குத் தள்ளலாம் என்றால் அங்கே பீரோ, பாத்ரூம் கதவு. பேசாமல் வலது பக்கமே படுத்தால் என்ன, போனால் பல்தானே, கட்டிக்கொள்ளலாம். அப்படி நினைத்ததும் பெரிய மாமா வந்து நின்றார். மாமாவும் விடாமல் செருமுவார். கடைசியில் கஞ்சிகூட இறங்காமல், உணவுக்குழாயில் என்னவோ என்று சொல்லி, துண்டை வாயில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவருக்கு வந்தது வேறு, அவர் பீடி பிடித்தார், எனக்கு அதெல்லாம் இருக்காது, இருக்காது என்று எப்படித் தெரியும், கதவு சாத்தவில்லை என்றால் அமிலம் பல்லை மட்டுமா தொடும், வருகிற வழியெல்லாம் தொட்டுக்கொண்டுதானே வரும். தொண்டை குமட்டியது. மூக்கால், மூக்கால். மீன்களைப் பார்த்தாள். மஞ்சள் மீன் ஒன்று மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"கெட்டியாகுறதுக்குள்ள வயித்து டாக்டருக்கு எழுதிடுறேன்," என்று டாக்டர் ஹாஜிரா பேனாவை எடுத்தாள். "மேடத்தால பேச முடியாது. வெளிய சார் இருக்காரா? சார், உள்ள வாங்க." அம்சவேணி வேண்டாம் என்று கையாட்டினாள், டாக்டர் அதை வலி என்று நினைத்துத் தோளில் தட்டிக் கொடுத்தாள். தட்சிணாமூர்த்தி செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, மனைவியின் வாயில் ரோஸ் கலரில் ஏதோ துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு அவளைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்து நின்றார். இவருக்கு என்ன தெரியும் என்று அம்சவேணி நினைத்தாள். நல்லாத் தூங்குவா டாக்டரம்மா என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போய்விடுவார்.

"ராத்திரியில இருமுவாங்களா சார்?"

"இருமுவா."

அம்சவேணி மீனிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"வறட்டு இருமல் இல்ல டாக்டரம்மா. தொண்டையச் செருமிக்கிற மாதிரி. படுத்துக் கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது. நல்லாத் தூங்கின பிறகுதான் ஆரம்பிக்கும். அப்புறம் எதையோ முழுங்குவா. முழுங்கிட்டு அப்படியே தூங்கிடுவா, அவளுக்கே தெரியாது. புளிக்குழம்பு வச்ச அன்னைக்குக் கூட இருக்கும். லேட்டாச் சாப்பிட்ட அன்னைக்கும். பரீட்சைப் பேப்பர் திருத்துற மாசத்துல தினமும்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள். "எந்தப் பக்கமாப் படுப்பாங்க?"

"கெழக்க பாத்து."

"கிழக்குன்னா? வலதா இடதா சார்?"

அவர் அந்தச் சின்ன அறைக்குள் முதுகைத் தெற்கே சாய்ப்பவர்போல நின்று, கையிரண்டையும் பக்கவாட்டில் வைத்து யோசித்து, வலது கையை லேசாகத் தூக்கினார். "செவுரு இந்தப் பக்கம். வலது."

"எப்பவுமே அப்படித்தானா? ரொம்ப வருஷமா?"

"முன்னெல்லாம் இல்ல." கழுத்தைத் தடவிக்கொண்டார். "எந் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துலேருந்து."

டாக்டருக்கு விளங்கவில்லை. "எத்தனை வருஷம்னு சொன்னாப் போதும் சார்."

"வைகாசி வந்தா பதினோரு வருஷம்," என்றார் தட்சிணாமூர்த்தி.

அம்சவேணி வாயில் தட்டோடு கிடந்தாள். பேச வாய் இல்லாத நேரம் பார்த்து இந்த மனுஷர் பேசுகிறார். தெரிந்திருக்கிறது. நாளோடு தெரிந்திருக்கிறது. அவள் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளெல்லாம் அண்ணத்தில் இறுகிக்கொண்டிருந்த பசைக்குப் பின்னால் வந்து முட்டின. தெரிந்தும் ஏன் கேட்கவில்லை? அவளுக்கே தெரியாமல் அவள் இருமுவதை, முழுங்குவதை எல்லாம் இவர் எப்போது கேட்டார், ராத்திரி பூரா விழித்துக்கொண்டா கிடந்தார்? அவள் சுவரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது இவர் அவள் முதுகை மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறார். கோபம் வந்தது. இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற ஆளுக்கு ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையே என்று, நிஜமான, சூடான கோபம். கூடவே, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாசத்தில் தினமும் என்றாரே, அந்த வரி எங்கேயோ போய்த் தொட்டு, கண்ணில் நீர் முட்டி, காதுப் பக்கமாக வழிந்தது. குமட்டுதா மேடம், இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்று டாக்டர் விரலை விட்டுத் தட்டை நெம்பினாள். சளக்கென்ற சத்தத்தோடு அது கழன்றது. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ரோஸ் கலர் பசையில் அவளுடைய பற்கள் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தன, எது எங்கே தேய்ந்தது என்று விரல் வைத்துச் சொல்லும்படி. இந்த நேரத்திலும் அதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது, கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள். தட்சிணாமூர்த்தியும் எட்டிப் பார்த்தார். இரண்டு பேர் தலையும் அந்தத் தட்டின் மேல் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன. அவர் காதோர முடி முழுக்க நரைத்திருப்பதை அவள் கவனித்தாள். எப்போது நரைத்தது என்று தெரியவில்லை.

டாக்டர் வயிற்று டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, சாப்பிட்டவுடன் படுக்காதீங்க, தலைமாட்டை உயர்த்திக்குங்க, இடது பக்கம், மறக்காதீங்க என்று மறுபடி சொல்லி அனுப்பினாள். இரண்டு பேரும் படியிறங்கினார்கள். கீழே மருந்துக் கடை வாசலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு நாக்கு நிற்கவில்லை, முன்பற்களின் பின்பக்கம் போய்ப் போய்த் தடவிக்கொண்டே இருந்தது. ஊர் பேர் தெரிந்த பிறகு அந்த இடம் வேறு மாதிரி இருந்தது. தட்சிணாமூர்த்தி ஸ்கூட்டரின் பூட்டைத் திறந்து, ஸ்டாண்டை எடுக்காமல் நின்றார்.

"பீரோவ நகத்திப் பாக்கலாம்னு நெனச்சேன். பாத்ரூம் கதவு இடிக்கும்," என்றார், வண்டியின் கண்ணாடியைப் பார்த்து.

"இடிக்கும்."

"தலைமாட்ட மாத்துனா வடக்காயிடும். அது வேணாம்."

"வேணாம்."

"நான் செவுத்துப் பக்கம் போயிடுறேன். நீ மேக்கால வந்துடு. அப்ப நீ இடது பக்கம் படுத்தாலும் உனக்கு..." சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எடுத்தார். "உனக்கு ஒண்ணும் தொந்தரவு இருக்காது."

"விடியக்காலம் மோட்டார் போட எந்திரிக்கணுமே நீங்க."

"கால்மாட்டால எறங்கிக்கிறேன். உன்ன எழுப்ப மாட்டேன்."

எல்லாம் அளந்து முடித்துவிட்டார். உள்ளேயிருந்து படியிறங்குகிறதற்குள் அறையை, கட்டிலை, திசையை, தான் இறங்குகிற வழியை எல்லாம் அளந்து, அவள் முதுகு அவர் பக்கமே இருக்கும்படி வரைபடம் போட்டுவிட்டார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷர், இடத்தை மாற்றிக்கொண்டு தீர்க்கப் பார்க்கிறார். சரி என்றால் போதும், இன்னொரு பதினோரு வருஷம் ஓடிவிடும், பல்லும் தப்பும். சரி என்று சொல்ல நாக்கு எழுந்ததுகூட. அம்சவேணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னை நினைத்தாலும் பாவமாக இருந்தது.

"வேணாம்," என்றாள். "நீங்க உங்க எடத்துலயே படுங்க."

"அப்ப நீ?"

"நான் என் எடத்துலதான்."

அவர் அவளைப் பார்த்தார். கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. தெற்கே தலை, கிழக்கே சுவர், இடது பக்கம். சாவி கையில் அப்படியே தொங்கியது.

"ஆனா ஒண்ணு," என்றாள் அம்சவேணி. "பந்தியில ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு நான் கேப்பேன். மூஞ்சியப் பாத்துக் கேப்பேன். தூங்குற மாதிரி இருக்கக் கூடாது."

"கேளு," என்றார். ஸ்டாண்டை எடுத்து, வண்டியைத் திருப்பி நிறுத்தி, அவள் ஏறி உட்கார்ந்த பிறகும் கிளப்பாமல் முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார், "நான் கொறட்டை விடுவேன்."

"தெரியும். இத்தனை வருஷமா முதுகுப் பக்கமாக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."